டைஃபாய்டு மேரி: நல்லா இருக்கிற சமையல்காரருக்கு எதுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட்?

ஹோட்டல், மெஸ், பேக்கரி நடத்துபவர்களுக்கு இது தெரிந்த விஷயம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தால் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மாஸ்டர் முதல் சப்ளையர் வரை எல்லோருடைய மருத்துவச் சான்றிதழையும் அவர் கேட்கலாம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அப்புறம் எதுக்கு சர்டிஃபிகேட் என்று பலருக்கும் தோன்றும். கிட்டத்தட்ட 120 ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க்கில் ஒரு சமையல்காரப் பெண்ணுக்கும் இதேதான் தோன்றியது. அந்தச் சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

யார் இந்த மேரி?

மேரி மலோன் 1869-ல் அயர்லாந்தின் குக்ஸ்டவுன் ஊரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பிழைப்புக்காக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே சமையல்காரரானார். பணக்கார வீட்டு வேலையாட்களில் சமையல்காரருக்குச் சம்பளமும் அதிகம், மதிப்பும் அதிகம். கைப்பக்குவம் இருந்ததால் மேரிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பீச் பழத்தை நறுக்கிப் போட்டு அவர் செய்யும் ஐஸ்கிரீமுக்குத் தனி ரசிகர்கள்.

1906 கோடை. நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற கடற்கரை ஊரில், ஒரு வங்கியாளர் குடும்பம் வாடகை பங்களாவில் தங்கியிருந்தது. வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது. டைஃபாய்டு என்றால் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடங்களின் நோய் என்று நினைத்த காலம் அது. இனி இந்த பங்களாவுக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்று வீட்டுக்காரருக்குக் கவலை. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை வரவழைத்தார்.

சோப்பர் முதலில் தண்ணீர், பால், சிப்பி உணவு என்று வழக்கமான இடங்களில்தான் தேடினார். எதுவும் சிக்கவில்லை. நோய் வருவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு சமையல்காரர் மாறிய விஷயம் பிறகுதான் கவனத்துக்கு வந்தது. மேரி அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் முன்பு வேலை செய்த வீடுகளைத் தேடிப் போனார் சோப்பர். 8 குடும்பங்களில் 7-ல் டைஃபாய்டு வந்திருந்தது. மொத்தம் 22 பேர்.

ஐஸ்கிரீமில் என்ன பிரச்சினை?

டைஃபாய்டு கிருமி சிலருடைய உடலை விட்டு முழுசாகப் போவதில்லை. பித்தப்பையில் தங்கி, மலத்தின் வழியாக அவ்வப்போது வெளியேறும். ஆள் பார்க்க ஆரோக்கியமாக இருப்பார். தனக்கு டைஃபாய்டு வந்துபோனதே தெரியாமல்கூட இருக்கலாம். கழிப்பறைக்குப் போய்விட்டு ஒழுங்காகக் கை கழுவாமல் உணவைத் தொட்டால், கிருமி அடுத்தவர் வயிற்றுக்குப் போய்விடும். நன்றாகக் கொதிக்கிற உணவில் அது செத்துப்போகும். ஐஸ்கிரீமையும் நறுக்கிய பழத்தையும் யாரும் கொதிக்க வைப்பதில்லையே! நம்ம ஊர் கணக்கில், ஆவி பறக்கிற சாம்பாரைவிட, கையால் எடுத்து வைக்கிற தேங்காய்ச் சட்னியிலும் வெட்டி வைத்த தர்பூசணியிலும்தான் கவனம் தேவை.

1907-ல் மேரி வேலை பார்த்த வீட்டின் கிச்சனுக்கே போன சோப்பர், ரத்தம், சிறுநீர், மலம் மாதிரி வேண்டும் என்று கேட்டார். மேரி கறி வெட்டப் பயன்படும் பெரிய முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். யோசித்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஆள் அடுப்படிக்குள் வந்து, உன்னால்தான் இத்தனை பேருக்கு நோய் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? சோப்பரின் கண்டுபிடிப்பு அபாரம். அதை அவர் சொன்ன விதம் படுமோசம்.

அடுத்து டாக்டர் ஜோசஃபின் பேக்கர் போலீஸோடு வந்தார். மணிக்கணக்கில் ஒளிந்திருந்த மேரியைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் அவர் திமிறாமலிருக்க, பேக்கர் அவர்மேலேயே உட்கார்ந்து வந்தார்.

வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல் நார்த் பிரதர் தீவில் அடைத்தார்கள். அங்கே எடுத்த 163 மாதிரிகளில் 120-ல் கிருமி இருந்தது. மிச்சத்தில் இல்லை! மேரி தனியாக ஒரு லேபுக்கு அனுப்பிய மாதிரிகளிலும் இல்லை என்றே ரிசல்ட் வந்தது. கிருமி தினமும் வெளியேறாது என்பதால் இப்படி நடக்கும். ஆனால் மேரியைப் பொறுத்தவரை, அதிகாரிகள் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 1909-ல் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். 1910-ல் புதிய சுகாதார ஆணையர் விடுதலை செய்தார். முக்கிய நிபந்தனை: இனி சமைக்கக் கூடாது.

சலவை வேலை கிடைத்தது. சமையலோடு ஒப்பிட்டால் சம்பளம் ரொம்பக் குறைவு. கொஞ்ச காலத்தில் ஆளே காணாமல் போனார்.

1915-ல் நியூயார்க்கின் ஸ்லோன் மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு. இருவர் இறந்தார்கள். அங்கே மேரி பிரவுன் என்ற பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் நம்ம மேரிதான். இந்த முறை அவருக்காகப் பரிந்து பேசுவது கஷ்டம். எச்சரிக்கை கிடைத்த பிறகும், பிரசவமான பெண்கள் இருக்கும் இடத்தில் அவர் சமைத்திருக்கிறார். புது சமையல்காரரைப் பரிசோதிக்காமல் வேலைக்கு எடுத்தது ஒரு மருத்துவமனை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுபடியும் அதே தீவு. இந்த முறை 23 வருடங்கள். அங்கிருந்த ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். 1932-ல் பக்கவாதம் வந்தது. 1938 நவம்பர் 11-ல் இறந்தார். அவர் கணக்கில் எழுதப்பட்டவை 51 நோயாளிகள், 3 மரணங்கள். அவர் இறந்த நேரத்தில் நியூயார்க்கில் இப்படிக் கிருமி சுமப்பவர்கள் 400 பேருக்கு மேல் அடையாளம் காணப்பட்டிருந்தார்கள். டோனி லபெல்லா என்பவரால் 100 பேருக்கு மேல் நோய் வந்ததாகக் கணக்கு. அவரை யாரும் ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை. மேரி தனியாள், ஏழை, புலம்பெயர்ந்தவர், வாயாடி. இதெல்லாம் சேர்ந்துதான் அவரைத் தீவில் வைத்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கே ரூல் என்ன?

இந்தியாவில் 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் 4-வது அட்டவணையில் இது இருக்கிறது. உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். டைஃபாய்டு போன்ற குடல் நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். பதிவுபெற்ற டாக்டர் கையெழுத்திட்ட பதிவேட்டை ஆய்வின்போது காட்ட வேண்டும். இதைச் செய்ய வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 ஊழியர்களுக்கு ஒருவராவது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கை கழுவுவது ஏன் என்று ஊழியருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மேரிக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை.

பரிசோதனையே செய்யாமல் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தால் அது வெறும் காகிதம். அப்படியே ஒருவரிடம் கிருமி இருப்பது தெரிந்தாலும் இன்று பயப்பட ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை உணவைத் தொடாத வேலை கொடுக்கலாம். மேரி காலத்தில் அந்த மருந்து இல்லை. பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அந்த ஆபரேஷனில் உயிரே போகலாம். அவர் முடியாது என்றுவிட்டார்.