கத்தாளை மீனுக்குள் ஒரு ஜெர்மன் பாதிரியார்... யார் இந்த ஜான்?

திருக்கழுக்குன்றம் பக்கம் மீன் கடையில் கத்தாளை வாங்கியிருப்பீங்க. அதில் பல வகைகளின் அறிவியல் பெயர் 'ஜோனியஸ்' என்றுதான் தொடங்கும். காரணம், இதே கடற்கரையில் தெற்கே தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு பாதிரியார்.

கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், 1747ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1771ல், டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். வேலை மதப் பிரசாரமும் பள்ளிக்கூடமும். ஆனால் சிப்பி, பாம்பு, மீன் என்றால் மனுஷன் விடமாட்டார்.

கரைக்கு வந்த மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்து, கப்பல் ஏற்றி பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்கஸ் எலியேசர் பிளாக் என்ற டாக்டர், மீன்களைப் பற்றி 12 தொகுதிகள் எழுதிக்கொண்டிருந்தார். வங்கக் கடல் பக்கமே வராதவர். சாராயத்தில் கிடந்த மீனின் நிறமோ வெளிறிவிடும்.

அப்படிப்பட்டவர் 1793ல் ஒரு கத்தாளைக்கு வைத்த பெயர் 'ஜோனியஸ் கருட்டா'. முதல் பாதி, ஜான். இரண்டாம் பாதி? நம்ம மீனவர்கள் சொல்ற 'கருத்த' கத்தாளைதான்! மீனோடு சேர்ந்து தமிழ்ப் பெயரும் பெர்லின் போயிருக்கு. வலை போட்டவர் பெயர்தான் அதில் இல்லை.

அடிக்கடி கடத்தல் செய்தியில் வரும் மண்ணுளிப் பாம்பு இருக்கே, அதன் அறிவியல் பெயரான 'எரிக்ஸ் ஜானி'யும் இவர் நினைவாக வைத்ததுதான்.

கடைசிக் காலத்தில் ஜானுக்குப் பார்வை மங்கிப்போனது. ஊர் திரும்பவே இல்லை. 1813ல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். பிளாக் சேர்த்த மீன்கள் இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.