காற்றை அளந்த முதியவர்

பொம்மசந்திராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் இரு மருங்கும் தகரக் கூரை வேய்ந்த தொழிற்கூடங்கள். மழைக்கு முன் காற்று எழுந்தால் என் கண் தானாகவே கூரைமேல் போய் நிற்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுத் தகடுகள் உள்ளே விழவில்லை. மேலே எழும்பிப் பறந்தன. தள்ளுகிற காற்று எப்படித் தூக்கும்? நெடுநாள் இருந்த இந்த ஐயத்தைத் தீர்த்தவர், பாரிஸ் கோபுரத்தால் உலகறிந்த குஸ்தாவ் ஈபெல்.

1832-இல் பிரான்சின் திஜோன் நகரில் பிறந்தவர். விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் வேதியியல் படித்தார். (நம் வேதியியல் நண்பர்கள் மகிழலாம்!) பிறகு இரும்புப் பாலங்கள் கட்டப் புகுந்தார். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் புயலில் இரயிலோடு சரிந்தது. கட்டியவர் காற்றைப் பொருட்படுத்தாததும் அதற்கொரு காரணம். ஈபெல் பொருட்படுத்தினார். 1889-இல் முடிந்த 300 மீட்டர் கோபுரத்துக்குச் சதுர மீட்டருக்கு அடியில் 200 கிலோ, உச்சியில் 400 கிலோ எனக் காற்றின் பளுவை வைத்துக் கணக்கிட்டார். ஆனால் அளந்து பெற்ற எண் அல்ல அது. அச்சத்தோடு கூட்டி வைத்த எண்.

1893-இல் பனாமாக் கால்வாய் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றார். மேல் நீதிமன்றம் அதை நீக்கியது. ஆயினும் தொழிலை விட்டு விலகினார். அறுபது வயதுக்குமேல்தான், என் கருத்தில், அவருடைய பெருவாழ்வு தொடங்குகிறது. கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து, 115 மீட்டர் உயரத்தில், தகடுகளைக் கீழே விட்டுக் காற்றின் தடையை அளந்தார். 1909-இல் கோபுரத்தடியில் காற்றுச் சுரங்கம் ஒன்று அமைத்தார். 1912-இல் ஒத்தேய் பகுதியில் இன்னும் பெரிதாய் ஒன்று. தகட்டில் சிறு துளைகளிட்டு இடத்துக்கு இடம் அழுத்தம் பார்த்தார். முன்புறம் காற்று தள்ளியது, பின்புறம் இழுத்தது! விமான இறக்கையிலோ, கீழிருந்து தள்ளுவதைவிட மேலிருந்து இழுப்பதே மிகுதி. எங்கள் கூரையும் ஒருவகை இறக்கைதான். 1923-இல், 91-ஆம் வயதில் மறைந்தார்.

நம் நாட்டு விதிநூலான ஐ.எஸ். 875-இன் 1964-ஆம் ஆண்டுப் பதிப்பு காற்றழுத்த வரைபடம் தந்தது. 1987-இல் அழுத்தத்துக்கு மாறாக வேகமே அடிப்படையாயிற்று: பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. விசை வேகத்தின் இருமடியாய் வளர்வதால் சென்னைக் கூரை தாங்க வேண்டியது இரண்டு மடங்குக்கும் மேல். 2015-இல் கிழக்குக் கரையோர 60 கிலோமீட்டருக்குப் புதிய பெருக்கெண் வந்தது: மருத்துவமனைக்கும் புயற்காப்பகத்துக்கும் 1.30, ஆலைக்கு 1.15, ஏனையவற்றுக்கு 1.00. ஏனையவற்றில் அடங்குவது கடலூரில் பாட்டி இருக்கும் வீடு. ஆலையின் எந்திரத்துக்குக் காட்டிய பரிவைப் பாட்டிக்கும் காட்டியிருக்கலாம்!

அப்பா திரும்பப் போட்ட அந்தக் கூரைமேல் நான்கு மணல் மூட்டைகள் இருக்கின்றன. காற்று கடுமையாக இழுப்பது ஓரங்களையும் மூலைகளையுந்தான். சென்ற பொங்கல் விடுமுறையில் அவ்விடங்களில் கொக்கி போல்ட்டுகளை இரு மடங்காக்கிவிட்டு வந்தேன். மூட்டைகளை எடுக்கப் பாட்டி இன்னும் இசையவில்லை.