ஏலத்துக்கு வரும் பூங்கரைகள்

காட்டுப் பூக்கள் நிறைந்த கரை, அதன் பின்னால் ஓர் ஊர்: அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கலின் இத்தகைய நீர்வர்ண ஓவியங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன.

1804இல் பெல்பாஸ்டில் சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர், அச்சகத்தில் தொழில் பழகினார். 1846இல் இலங்கை வந்து கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பித்தார். 1848இல், கிளர்ச்சி நடந்த நாட்களில், காட்டுவழியே பயணித்துப் பழைய நகரங்களின் இடிபாடுகளை வரைந்தார். 1886இல் லண்டனில் இறந்தார்.

அந்த இடிபாடுகளுக்குப் படம் இருக்கிறது. 2006இல் சம்பூரை விட்டு ஓடிய எங்களிடம் வீட்டின் படம்கூட இல்லை. திரும்பி வந்தபோது, கிணற்றை வைத்தே வளவை அடையாளம் கண்டோம். முதியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளைக் கொண்டு பழைய ஊரை வரைவித்துவிட வேண்டும்.