ஓவியப் பேராசான் நந்தலால் போஸ்

பாபநாசத்திற்கு அணித்தே உள்ள சுவாமிமலை, செப்புத் திருமேனிகளை வார்க்கும் சிற்பிகளாற் புகழ்பெற்ற ஊர். அச்சிற்பிகள் முதலில் மெழுகினால் உருவத்தை அமைப்பர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின்னர்ச் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். உலோகம் ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தே திருமேனியை வெளியே எடுத்தல் வேண்டும். ஆதலின், ஓர் அச்சிலிருந்து ஓர் உருவமே பிறக்கும். அக்கலையின் அருமையும் அதுவே.

இதற்கு மாறான இயல்புடைய கலை ஒன்றும் உண்டு. மரப் பலகையில் ஓவியத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை அதன்மேற் படியவைத்து எடுக்கும் மரச்செதுக்குக் கலையே அது. இதில் பலகை ஒன்று, படிகளோ பல. செல்வர் மாளிகைகளை மட்டும் அணிசெய்த ஓவியம் எளியோர் குடிலுக்கும் சென்று சேர இக்கலை வழிவகுத்தது. இதனைத் தாம் கற்றதோடு அமையாது, தம்முடன் வாழ்ந்த கலைஞர்க்கும் தம்மிடம் பயின்ற மாணவர்க்கும் பகிர்ந்தளித்து, நம் நாட்டில் தழைக்கச் செய்த பெருமக்களுள் தலைசிறந்தவர் நந்தலால் போஸ் ஆவார்.

பிறப்பும் இளமையும்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், பீகாரிலுள்ள முங்கேர் மாவட்டத்தைச் சேர்ந்த கரக்பூரிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் வங்காளத்தினர். தந்தையார் தர்பங்கா சமீனில் பணிபுரிந்தார். அன்னையார் கைவண்ணம் மிக்கவர். கிடைத்த பொருள்களைக் கொண்டே பொம்மைகள் செய்வதில் வல்லவர். அன்னையின் கைத்திறனைக் கண்டு வளர்ந்த மைந்தர், ஊர்க் குயவர் மண்ணைப் பிசைந்து உருவங்கள் சமைப்பதையும் மணிக்கணக்கில் நின்று காண்பார். வீடு திரும்பியதும் தாமும் அவ்வாறே செய்து பார்ப்பார். அவருடைய முதற் கலைக்கூடம் குயவரின் முற்றமேயாகும்.

1898ஆம் ஆண்டில் உயர்நிலைக் கல்விக்காக அவர் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டார். பள்ளிப் படிப்பு ஒருவாறு முடிந்தது. கல்லூரிப் படிப்போ அவருக்குக் கைகூடவில்லை. தேர்வுகளில் தோல்வியே நேர்ந்தது. வணிகக் கல்வியேனும் அவரைக் கரையேற்றும் என்று உற்றார் நம்பினர். அதுவும் பயன் தரவில்லை. குடும்பத்தார் மனம் வருந்தினர். இளமையிலேயே திருமணமும் ஆகிவிட்டமையால், பிழைப்புக்கு வழி என்ன என்னும் கவலையும் சூழ்ந்தது. எனினும், தம் கை எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை அவ்விளைஞர் நன்கு அறிந்திருந்தார்.

ஆசிரியரைத் தேடி அடைதல்

அக்காலத்தில் அவனீந்திரநாத தாகூர், மேனாட்டு ஓவியங்களைப் பார்த்து வரைவதை விடுத்து, நம் நாட்டு மரபில் ஓவியம் தீட்டும் புதுநெறியைத் தோற்றுவித்திருந்தார். அவருடைய ஓவியங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்த நந்தலால், தாம் வரைந்த படங்களைக் கையிலேந்திச் சென்று அவரை அடைந்தார். தேர்வுகள் காணத் தவறிய திறமையை ஆசிரியரின் கண்கள் ஒரு நொடியிற் கண்டுகொண்டன. நந்தலால் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் மாணவரானார்.

பின்னர், 1909ஆம் ஆண்டில் ஹெரிங்காம் அம்மையார் என்னும் ஆங்கில ஓவியர் அசந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, அப்பணிக்குத் துணைநின்ற இந்திய இளைஞருள் நந்தலாலும் ஒருவரானார். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பெயர் அறியா ஓவியர் வரைந்த கோடுகளைத் தம் கையால் மீண்டும் வரைந்தபோது, கோட்டின் ஆற்றல் அவருக்குப் புலனாயிற்று. மரத்திற் செதுக்குவோர்க்கும் கோடே உயிர் அன்றோ? அந்தப் பயிற்சி அவருக்குப் பிற்காலத்திற் பெரிதும் பயன்பட்டது.

கலாபவனம்

இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் 1919ஆம் ஆண்டு கலாபவனத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் அதன் தலைமைப் பொறுப்பு நந்தலாலை வந்தடைந்தது. 1951ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அவர் அதனை வளர்த்தார். அங்கே மாணவர் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்கும் முறை இல்லை. ஒவ்வொருவர் இயல்பையும் அறிந்து, அதற்கேற்ற வழியில் அவரைச் செலுத்துவதே நந்தலாலின் முறை. மாணவர் மரத்தடியிலும் வயல்வெளியிலும் சாந்தாலர் குடியிருப்புகளிலும் சென்று கண்டதை வரைந்தனர். ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து வரைந்தார்.

தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கற்பதற்கு அவர் ஒருபோதும் நாணியதில்லை. சுவர் ஓவியக் கலையைக் கற்பிக்க ஜெய்ப்பூரிலிருந்து கைவினைஞர் ஒருவரை வரவழைத்தார். மாணவரோடு மாணவராய்த் தாமும் நின்று கற்றார். பிரான்சு நாட்டு ஓவியரான ஆந்திரே கார்ப்பலே அம்மையார் சாந்திநிகேதனம் வந்து மரச்செதுக்குக் கலையைக் கற்பித்தபோது, அதனைக் கலாபவனம் ஆர்வத்தோடு வரவேற்றது. 1924ஆம் ஆண்டில் தாகூரோடு சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்ற நந்தலால், அந்நாடுகளின் ஓவிய மரபுகளை நேரிற் கண்டறிந்து திரும்பினார். ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் வண்ணம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பலகை உண்டு. பண்டைக் காலத்தில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் மற்றொருவர், அச்சிடுபவர் வேறொருவர் என மூவர் கூடியே அங்கு ஓர் ஓவியத்தை உருவாக்கினர். கலாபவனத்திலோ, வரைதல், செதுக்குதல், அச்சிடுதல் ஆகிய மூன்றையும் ஓவியரே செய்யப் பயின்றனர்.

மரத்தில் மலரும் ஓவியம்

மரச்செதுக்கு எளிய கருவிகளாற் செய்யப்படுவது. எனினும் எளிய கலை அன்று. வழுவழுப்பாக இழைத்த பலகையில் ஓவியத்தை இடவலம் மாற்றி வரைதல் வேண்டும். ஏனெனில், தாளிற் பதியும்போது அது கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் மாறிவிடும். பின்னர், வெண்மையாகத் தோன்ற வேண்டிய இடங்களை உளியால் அகழ்ந்து எடுப்பர். எஞ்சி நிற்கும் மேட்டின்மீது மை உருளையை உருட்டி, தாளைப் பரப்பி, அதன் முதுகை மெல்லத் தேய்த்து எடுப்பர். தூரிகையாற் பிழைபட வரைந்ததை அழித்துத் திருத்தலாம். உளியால் அகழ்ந்த மரத்தை மீண்டும் ஒட்டவைத்தல் அரிது. ஆகவே, கை அசையுமுன் கருத்துத் தெளிதல் வேண்டும். பொறுமையையும் துணிவையும் ஒருங்கே கற்பிக்கும் கலை இது.

மரத்தினும் மென்மையான லினோலியத்தையும் நந்தலால் விரும்பிக் கையாண்டார். ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத்தூள் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் தரைவிரிப்பு அது. 1930ஆம் ஆண்டில் தாகூர், வங்கக் குழந்தைகள் எழுத்தறிவு பெறுவதற்கென எழுதிய ‘சகஜ பாடம்’ என்னும் நூலுக்கு நந்தலால் இவ்வகை ஓவியங்களையே அமைத்தார். மாளிகைச் சுவரில் இடம்பெறத் தக்க ஓவியரின் கைவண்ணம், சிற்றூர்ச் சிறுவன் மடியில் வைத்துப் படிக்கும் சிறுநூலில் இடம்பெற்றது. தலைமுறை தலைமுறையாக வங்க நாட்டுக் குழந்தைகள் அப்படங்களைக் கண்டே எழுத்துக்களைக் கற்றனர்.

பாபுஜி

அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறுதற்குச் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தார். நாடு முழுவதும் கொதித்தெழுந்தது. நந்தலால் ஒரு லினோலியத் தகட்டை எடுத்தார். கரிய பின்னணியில், சில வெண்கோடுகளால், கையிற் கோலூன்றி நடக்கும் அடிகளின் உருவத்தைச் செதுக்கினார். அலங்காரம் ஏதுமில்லை, கூட்டமில்லை, ஒரு மனிதரும் ஓர் ஊன்றுகோலும் ஓர் உறுதியுமே அப்படத்தில் உள்ளன. ‘பாபுஜி’ என்னும் பெயரும், 1930 ஏப்ரல் 12 என்னும் நாளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதற்கு மறுநாளே இராஜாஜி, வேதாரணியத்தில் உப்பெடுக்கும் பொருட்டுத் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் தஞ்சைத் தரணி வழியே நடக்கத் தொடங்கினார் என்பதை நினைக்குங்கால், அவ்வோவியம் நமக்கும் உறவுடையது என்பது விளங்கும். காந்தியடிகளைக் காட்டும் எண்ணற்ற படங்களுள் இது இன்றும் தனியிடம் பெற்றுத் திகழ்கின்றது.

1938ஆம் ஆண்டு ஹரிபுராவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, அடிகளின் விருப்பப்படி, உழவர், குயவர், பறை கொட்டுவோர் முதலிய எளிய மக்களின் வாழ்வைக் கைத்தாளில் மண் வண்ணங்களால் தீட்டி, கிராமத்தார் கண்டு மகிழுமாறு வைத்தார். பின்னர், நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து ஓவியங்களால் அழகுசெய்தார். 1954ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

வழிவழி வந்த கலை

நந்தலால் தாம் அறிந்த எதனையும் ஒளித்துவைத்ததில்லை. நண்பர்க்கும் மாணவர்க்கும் எழுதும் அஞ்சலட்டைகளிலும் ஓவியம் வரைந்து அனுப்புவார். கலைஞர்கள் கூடித் தொழில் செய்து தம் கைத்திறனால் வாழ வேண்டும் என்னும் நோக்கத்தோடு ‘காரு சங்கம்’ என்னும் கூட்டுறவையும் தோற்றுவித்தார். அவருடைய மாணவரான ரமேந்திரநாத் சக்ரவர்த்தி மரச்செதுக்கில் வல்லவராகி, கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியிற் பலருக்கு அதனைக் கற்பித்தார். அவரிடம் பயின்ற ஹரேன் தாஸ் அக்கலையிலேயே வாழ்நாளைச் செலவிட்டுப் புகழ்பெற்றார். வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் முதலிய மாணவரும் இக்கலையைப் பயின்று சிறந்தனர். இவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு உளி சென்றுகொண்டே இருந்தது.

1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நந்தலால் இயற்கை எய்தினார். தேர்வுகளில் தோற்ற இளைஞர், ஒரு நாட்டிற்கே ஓவிய ஆசிரியராய் விளங்கி மறைந்தார்.

மரப்பலகை மிகுதியாக அச்சிட அச்சிடத் தேயும். அதன் கோடுகள் மழுங்கும். ஆனால், பிறர்க்கு வழங்க வழங்கத் தேயாது வளர்வது கலை ஒன்றே. பலகையின் இயல்பையும் கலையின் இயல்பையும் ஒருங்கே உணர்ந்தவர் நந்தலால். மாணவர்களே! நீங்கள் கற்கும் கலை எதுவாயினும், அதனை ஐயமறக் கற்று, அருகிலிருப்பவர்க்கும் மனமுவந்து கற்பிப்பீராக. அதுவே அப்பேராசானுக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும்.