மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை



எங்க அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யறாங்க. பெட்டி மேலே ஸ்டிக்கர் சரியா இருந்தாலும், உள்ளே இருக்கிற பாகம் சரியில்லைன்னா பெட்டி திரும்பி வந்துடுமாம்.

போன மாதம் எங்க வகுப்பில் ஒரு பேனா காணாமல் போச்சு. வடநாட்டிலிருந்து புதுசா வந்து சேர்ந்த பையன்தான் எடுத்திருப்பான் என்று முதலில் சொன்னது நான்தான். கடைசியில் பேனா பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. என் கழுத்தில் சிலுவை டாலர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போறவள் நான். ரொம்ப வெட்கமாப் போச்சு. அந்த வாரம்தான் நூலகத்தில் வேதநாயகம் பிள்ளை வரலாற்றைப் படிச்சேன்.

அவர் 1826-ல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மாயூரத்தில் (இப்போது மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தார். கைக்கூலி, அதாவது லஞ்சம் வாங்குவதைத் தன் நீதி நூலில் கண்டித்தார். சாதாரண ஜனங்களுக்கும் சட்டம் புரியணும் என்று கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்தார். பெண்கள் படிக்கணும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். 1879-ல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரமும் அவர் எழுதியதுதான்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் பசியால் செத்தார்கள். அவர் தன் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். வந்தவர் என்ன மதம், என்ன சாதி என்று பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் சிவபக்தர். அவரே இந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். திருவாவடுதுறை சைவ மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் இவருக்கு நல்ல நண்பர். எல்லா மதத்தாரும் சேர்ந்து பாடுவதற்காகவே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றினார். இத்தனைக்கும் 1889-ல் இறக்கும் வரை அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

அவரைக் கிறிஸ்தவர் என்று ஊருக்குக் காட்டியது பெயரோ சிலுவையோ இல்லை, அவர் ஊற்றிய கஞ்சிதான் என்று எனக்குத் தோணுது.

நேற்று அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். இன்னும் என்னோடு பேசவில்லை. டாலரை நான் கழற்றவில்லை. அதுக்குத் தகுந்த மாதிரி நடந்து காட்டணும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி