காயிதே மில்லத் விட்டுச் சென்ற அமானிதம்

காயிதே மில்லத் என்ற பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. ஆயினும், நம் வீட்டுக் காரியங்களோடு அன்னாரின் வாழ்வுக்குள்ள தொடர்பை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை நினைவூட்டவே இவ்வரிகளை எழுதுகிறோம்.

மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார்கள். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, முஸ்லிம் லீகின் சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார்கள். 1946 தேர்தலில் லீக் 28 இடங்களை வென்றதும், சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

அடுத்த ஆண்டு நாடு விடுதலை பெற்றது. பிரிவினையும் கூடவே வந்தது. இந்தியாவில் தங்கிய முஸ்லிம்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட காலம் அது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு எனத் தீர்மானித்தது. இந்தியப் பகுதியின் அமைப்பாளர் பொறுப்பு சாஹிப் அவர்களின் தோளில் விழுந்தது. லீகைக் கலைத்துவிடுவதே நலம் என்று வெளியாரும் கூறினர். உள்ளிருந்தோர் சிலரும் கூறினர். அவர்கள் அஞ்சவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவினார்கள்.

அவ்வாண்டு நவம்பர் 23 அன்று, அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. தனக்கென ஒரு தனியார் சட்டம் உடைய எச்சமூகமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்று சாஹிப் அவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி எல்லாச் சமூகத்தாருக்கும் பொருந்தும்படியே அதை அமைத்திருந்தார்கள். முன்ஷி முதலானோர் எதிர்த்துப் பேசினர். டாக்டர் அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. சபை அதைத் தள்ளியது. அப்பிரிவு இன்று 44ஆம் பிரிவாக, நீதிமன்றத்தின் மூலம் அமல்படுத்த இயலாத வழிகாட்டும் நெறிகளுள் நிற்கிறது.

தோற்றதற்காக அவர்கள் சபையை வெறுத்து ஒதுங்கவில்லை. எந்த அரசியல் சட்டத்தில் தம் திருத்தம் இடம்பெறவில்லையோ, அதே சட்டத்தின்படி 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் பணியாற்றினார்கள். மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர்களை லோக் சபைக்கு அனுப்பினார்கள். கேட்பதைக் கண்ணியத்தோடு கேட்பதும், கிடைக்காதபோது பொறுமையோடு மீண்டும் கேட்பதும் அன்னாரின் வழியாக இருந்தது. 1972 ஏப்ரல் 5 அன்று இறையடி சேர்ந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

அன்புச் சகோதரர்களே! நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகிய அல்லாஹ்வின் சட்டங்களுக்காகவே அவர்கள் அன்று எழுந்து நின்றார்கள். அவற்றை நம் இல்லங்களில் நாம் எந்த அளவு பேணுகிறோம்? சூரத்துன் னிஸாவில் பெண் மக்களின் பங்கு ஐயத்திற்கு இடமின்றிக் கூறப்பட்டுள்ளது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது உண்மை. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையையும் நீக்கியது. அதன் பின்னும் நஞ்சையும் புஞ்சையும் ஆண் மக்களுக்கே என்று எழுதி வைப்போர் நம்மில் உண்டு. சீரும் நகையும் கொடுத்தாயிற்று, இனிப் பங்கு எதற்கு என்று கேட்போரும் உண்டு. சீர் வேறு, மீராஸ் வேறு. தகப்பன் விரும்பிக் கொடுப்பது சீர். அல்லாஹ் விதித்துக் கொடுப்பது மீராஸ்.

ஷரீஅத்தைப் பிறர் பறித்துவிடக் கூடாது என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் சகோதரியின் பங்கை நாமே பறித்துக்கொண்டால், சாஹிப் அவர்கள் பட்ட பாட்டிற்கு என்ன பொருள்? அவர்கள் விட்டுச் சென்ற அமானிதம் நம் வீட்டுப் பத்திரங்களில்தான் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! உரியவர்க்கு உரியதைக் கொடுக்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.