கேமரா போகாத கருவறையை வரைந்தவர்... யார் இந்த ‘சில்பி’?

நாச்சியாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு பிள்ளையார்பட்டி அடிக்கடி போகிற கோயில்தான். ஆனால் எத்தனை முறை போனாலும், மலையைக் குடைந்து செதுக்கிய அந்த கற்பக விநாயகர் உங்கள் போன் கேலரிக்குள் வர மாட்டார். கருவறையில் படம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டின் பெரும்பாலான கோயில்களில் இதே கதைதான்.

அப்போ, உள்ளே இருப்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிக் காட்டுவது? ஒருவர் நேராகக் கோயிலுக்கே போய், உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர்தான் ஓவியர் சில்பி.

நாமக்கல் டு சென்னை

இயற்பெயர் பி.எம்.சீனிவாசன். 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர். பையனின் கையில் இருக்கும் திறமையைக் கண்டு, ஓவியம் படிக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர். நமக்கு அவர் கவிஞராகத்தான் தெரியும், ஆனால் அவரே நல்ல ஓவியர்!

எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார் சீனிவாசன். அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் செல்ஃபி எடுக்கிற உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவர்தான்.

படிப்பு முடிந்து 1940-களில் ஆனந்த விகடனில் வேலை. ‘சில்பி’ என்று பெயர் வைத்தவர் அங்கிருந்த ஓவியர் மாலி. கோபுலு மாதிரியான ஜாம்பவான்கள் நகைச்சுவைப் படங்களில் கலக்கிக்கொண்டிருந்த இடம் அது. சில்பியின் கை மட்டும் கோபுரம், தூண், சிற்பம் என்றே போனது.

‘தென்னாட்டுச் செல்வங்கள்’

விகடனில் அவர் வரைந்த இந்தத் தொடர்தான் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊர் ஊராகப் போவார். சிலை முன்னால் மணிக்கணக்கில் உட்காருவார். நகையில் ஒரு மணி, ஆடையில் ஒரு மடிப்பு என எதையும் விட மாட்டார். கருவறைக்குள் எண்ணெய் விளக்கு வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் பார்த்ததைத்தான் தாளில் இறக்கினார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே யோசிக்கணும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939-ல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். அதாவது, கோயில் கதவு எல்லோருக்கும் திறந்து சில வருஷம்கூட ஆகாத காலம். சட்டம் வந்துவிட்டது என்பதற்காக எல்லா ஊரிலும் உள்ளே விட்டுவிடவில்லை. அந்த நேரத்தில், ஒரு வாரப் பத்திரிகையை வாங்கினால் யார் வேண்டுமானாலும் மூலவரை அருகில் இருந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது. சில்பி இதை ஒரு போராட்டமாக நினைத்து வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் பக்தியோடு வரைந்தவர். ஆனால் படத்தைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லையே!

இப்போது ஏன் முக்கியம்?

குடமுழுக்குக்காக மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில் பல கோயில் சிற்பங்களின் நுணுக்கம் தேய்ந்தே போனது. பல தூண்களில் கண்ட கண்ட பெயின்ட்டும் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் அந்தக் கல் எப்படி இருந்தது என்று பார்க்க நினைப்பவர்களுக்கு சில்பியின் கோடுகள் கைகொடுக்கும்.

விகடனில் 20 ஆண்டுகளுக்கு மேல் வரைந்தவர், பிறகு வேறு பத்திரிகைகளுக்கும் வரைந்தார். 1983-ல் மறைந்தார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பின்னர் இரண்டு தொகுதிகளாகப் புத்தகமானது. அவருடைய சீடர்தான் இன்று பத்திரிகைகளில் நாம் பார்க்கும் ஓவியர் பத்மவாசன்.